ஓர் அடுப்பு என்றால் ஒரு குடும்பம்

சென்ற மாதம் தர்ஷினி எனக்குப் போன் எடுத்தாள். கொழும்பு மாநகர சபையின் வீடமைப்புப் பிரிவில் நான் விட்டுவிட்டு வந்த கதிரையில் இப்போது இருக்கிறவள் அவள். கதிரைக்காக அவளிடம் அன்றே மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். நெடுங்காலம் என் பாரத்தைச் சுமந்த கதிரை, ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கும்.

"சேர், வீட்டுச் சட்டம் மாறப்போகுது. எங்கட ஆக்கள் எல்லாம் பயந்துபோய் இருக்கினம். ஒருக்கா வந்து கதைக்க ஏலுமே?"

"நான் வந்தா இன்னும் பயப்படுவினம், பிள்ளை."

"பகிடியை விடுங்கோ சேர்."

பகிடியை விட்டால் என்னிடம் மிச்சம் இருப்பது பென்சனும் சர்க்கரை வருத்தமும்தான். விடமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் புதிய சட்ட வரைவை வாசிக்கத் தொடங்கிவிட்டாள். சபை வீடு இனிக் கணவன் மனைவி இரண்டு பேர் பெயரிலும் இருக்கும். ஒருவருக்கு வீடு இல்லை என்றாலும், தருகிற வீடு சின்னது என்றாலும், காரணத்தை அவருக்கு விளங்குகிற மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும். மேன்முறையீடு கேட்டு முடியும்வரை கதவைப் பூட்டக் கூடாது. எல்லாம் நல்லதுதான் என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். அடுத்து, 'குடும்பம்' என்ற சொல்லுக்கு இருந்த பழைய வரைவிலக்கணத்தை நீக்குகிறார்கள் என்றாள்.

"எதை நீக்கினம்? அடுப்பையோ?"

"ஓம் சேர். ஒரே அடுப்பில சமைச்சுச் சாப்பிடுற ஆக்கள் ஒரு குடும்பம் எண்டு இருந்ததல்லோ, அது இனி இல்லை."

போனை வைத்துவிட்டு வெள்ளவத்தைக் கடலைப் பார்த்துக்கொண்டு பல்கனியிலேயே நின்றுவிட்டேன். என் மனிசி எட்டிப் பார்த்தா. "என்னப்பா, ஆர் போனில? பேச்சையே காணேல்லை, ஏதும் கூடாத செய்தியோ?" நான் பேசாமல் நின்றால் எங்கள் வீட்டில் அப்படித்தான் நினைப்பார்கள்.

மேடையில் ஏற்றினால் நாலு பகிடி விட்டுவிட்டு இறங்கிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். தர்ஷினியும் அவளோடு வேலை செய்கிற பிள்ளைகளும் வாசித்தால் போதும்.

நான் இந்த உத்தியோகத்துக்கு ஆசைப்பட்டு வந்தவன் இல்லை. வங்கி, சுங்கம், துறைமுகம் எல்லாம் என்னை வேண்டாம் என்று சொன்ன பிறகு சபை சம்மதித்தது. முதல் சில வருடங்கள் கொட்டாஞ்சேனையில் கூரை ஒழுகுகிற முறைப்பாடுகளைப் பதிந்தேன். சோதனைக்காகப் படித்த என் சிங்களத்தைக் கேட்டு அந்தத் தெரு நாய்களும் தலையைச் சரித்துப் பார்த்தன. நாய்களுக்கு நான் பயம் என்பது மெல்லக் கொட்டாஞ்சேனை முழுக்கத் தெரிந்துவிட்டது. வாடகை நிலுவைக்காரர் சிலர் அதற்காகவே நாய் வளர்த்தார்கள் என்று என் நண்பர்கள் சொல்லுவார்கள். நான் மறுப்பதில்லை.

வேலை என்றால் என்ன என்று எனக்குக் காட்டியவர் குணதாச சேர். எங்கள் பிரிவின் தலைவர். மெலிந்த மனிதர், வெள்ளைச் சேர்ட்டைத் தவிர வேறொன்றும் போட மாட்டார். குடியிருப்பாளர் வீடுகளில் பச்சைத் தண்ணீரும் குடிக்க மாட்டார், போத்தலைக் கையோடு கொண்டுவருவார். நான் அவருக்குப் பின்னால் நின்று, கிடைக்கிற தேத்தண்ணியை எல்லாம் குடித்து அந்தக் கணக்கைச் சரிக்கட்டுவேன்.

விசாரணை அறையில்தான் அவரைப் பார்க்க வேண்டும். அங்கே எல்லாக் கதிரையும் ஒரே உயரம். மின்விசிறி அவர் பக்கம் திரும்பியிருந்தால் எழும்பிப் போய், வந்தவர் பக்கம் திருப்பிவிட்டு வந்து உட்காருவார். ஆள் பேசும்போது கோப்பை மூடி அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொள்வார். இடையில் கேள்வி கேட்க மாட்டார். பேசி முடித்த பிறகு, "இப்போது நீங்கள் சொன்னதை நான் சொல்லுகிறேன். பிழை இருந்தால் நிறுத்துங்கள்" என்று முழுவதையும் திருப்பிச் சொல்லுவார். அந்த ஆள் சரி என்று தலையாட்டிய பிறகுதான் கோப்பு திறக்கும், பேனை எழுதும்.

சேருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் பேசுகிறவர்களுக்கும் அவருக்கும் இடையில் மொழிபெயர்ப்பாளன் நான். ஒருநாள் ஒரு அம்மா நீளமாக அழுது பேசினதை நான் ஒரு வசனத்தில் சிங்களத்தில் சொல்லி முடித்தேன். சேர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அவர் இவ்வளவு நேரம் பேசினார். நீ ஒரு வசனம் தருகிறாய். மிச்சத்தை வயிற்றுக்குள் வைத்திருக்கிறாயா? அங்கே இடம் இருப்பது எனக்குத் தெரியும்."

அதற்குப் பிறகு நான் சுருக்கவில்லை. வயிற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்னர், கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்தை இடித்துத் தொடர்மாடி கட்டுவதென்று முடிவானது. தோட்டம் என்றால் மரம் செடி இல்லை. ஒரு ஒழுங்கைக்குள் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டின ஒற்றை அறை வீடுகளுக்குக் கொழும்பில் அதுதான் பெயர். குடும்பத்துக்கு ஒரு மாடிவீடு என்று அறிவித்தார்கள். ஐந்து பேர் வரை இருந்தால் ஓர் அறை வீடு, அதற்கு மேல் இரண்டு அறை. எது குடும்பம் என்று கேட்டால் சட்டம் அடுப்பைக் காட்டியது. கணக்கெடுக்கும் உத்தியோகத்தர் அடுப்பைப் பார்க்க வேண்டும், அது பாவனையில் இருக்கிறதா என்று தொட்டும் பார்க்க வேண்டும்.

கணக்கெடுப்பு நாளன்று அந்தத் தோட்டத்தில் எழும்பிய புகையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மாமியும் மருமகளும் ஒரே அறையில் ஆளுக்கொரு மண்ணெண்ணெய் அடுப்பை மூட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். கலியாணம் பேசி முடியாத ஒரு பெடியன் தனியாக அடுப்பு வைத்து வெறும் தண்ணீரைக் கிண்டிக்கொண்டிருந்தான். ஒரு பருப்புச் சட்டியை மட்டும் நான் நாலு வீட்டில் கண்டேன். நாங்கள் முன்வாசலால் அடுத்த வீட்டுக்குப் போக, சட்டி பின் யன்னலால் எங்களுக்கு முந்தி அங்கே போய்ச் சேர்ந்துவிடும். கடைசியில் அதற்கு வணக்கம் சொல்லலாமா என்று யோசித்தேன். தொட்டுப் பார்க்கச் சொன்ன சட்டத்துக்குக் கீழ்ப்படிந்ததில் என் விரல் இரண்டு கொப்பளித்தன.

அது முன்வரிசையின் கதை. பின்வரிசையை, நாளாந்தச் சம்பளத்துக்கு எடுத்த ஒரு குழு பார்த்தது. அங்கே தனலெட்சுமி என்ற பெண்ணின் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

தனலெட்சுமியின் புருஷன் முருகையா புறக்கோட்டையில் மூட்டை சுமக்கிற நாட்டாமை. இரண்டு பெண்பிள்ளைகள். கணக்கெடுப்புக்கு இரண்டு நாளைக்கு முன்னர்தான் முருகையாவின் தாய் இறந்துபோனார். சாவு வீட்டில் உலை வைப்பதில்லை. அடுப்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். வந்தவர் அதைத் தொட்டுப் பார்த்தார், குளிர்ந்திருந்தது. "எங்கே சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். அழுது களைத்திருந்த தனலெட்சுமி, "பக்கத்து வீட்டு சோமா அக்கா குடுக்குறாங்க" என்றாள். அவர் அப்படியே எழுதினார். கேள்வியும் சட்டப்படி சரி, பதிலும் உண்மை. அந்த நாலு பேரும் சோமாவின் அடுப்பில் சேர்ந்துவிட்டார்கள். அவர்களின் கதவில் இருந்த வீட்டு இலக்கத்துக்கு மேல் சிவப்பு வர்ணத்தால் ஒரு கோடு விழுந்தது.

அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு அவள் எங்கள் சபைக் கந்தோருக்கு வந்தாள்.

"சார், எங்க கதவு நம்பர அழிச்சிட்டாங்க சார். இடிக்கிற அன்னிக்கு நாங்க எங்க சார் போறது?"

"இருங்கோ தங்கச்சி, முதல்ல இருங்கோ. வேற ஏதும் வீடு வாசல்?"

"அவரு சம்பாதிக்கிறதுல வாடக வீடா சார்? பிள்ளைங்க ரெண்டும் இங்கனதான் இஸ்கோல் போவுது."

கதையைக் கேட்டதும் எனக்குப் பெரிய நிம்மதி. இது ஐந்து நிமிட வேலை என்று நினைத்தேன். சிங்கள ஊர்களிலும் மரண வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள், அயலவர்தான் சோறு கொண்டுவருவார்கள். குணதாச சேருக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையே இல்லை. ஓடிப்போய்ச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்" என்றார். "என் அம்மா செத்தபோதும் அப்படித்தான்."

"அப்ப மாற்றிவிடலாமே சேர்?"

"எனக்குத் தெரியும் என்பது சாட்சி இல்லை. யாருடைய அடுப்பில் சேர்த்தார்களோ, அந்த வீட்டுக்காரர் வந்து இல்லை என்று சொன்னால்தான் பதிவை மாற்றலாம். விதி அது."

பிறகு கேட்டார்: "அந்த அயல்வீட்டில் எத்தனை பேர்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சோமாவின் வீட்டில் ஐந்து பேர். இந்த நாலு பேரும் சேர்ந்ததால்தான் சோமாவுக்கு இரண்டு அறை வீடு ஒதுக்கியிருந்தது. அவள் வந்து உண்மையைச் சொன்னால் ஓர் அறை போய்விடும்.

கந்தோரில் ஒருவர், சோமாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லாமல் ஒரு கையெழுத்தை வாங்கிவிட்டால் எல்லாம் சுகமாக முடியும் என்று யோசனை சொன்னார். குணதாச சேர் அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நீ போ. அவர் என்ன இழப்பார் என்பதை முதலில் சொல். அதற்குப் பிறகு வரச்சொல். வரமாட்டேன் என்றால் வற்புறுத்தாதே. திரும்பி வந்து என்னிடம் சொல்."

போனேன். அன்று ஒழுங்கையில் இரண்டு நாய்கள் படுத்திருந்தன. அவற்றைக் கடந்தது எனக்கு ஞாபகம் இல்லை என்றால் என் மனம் எந்த நிலையில் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சோமா சிங்களப் பெண், விடியற்காலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவள். ஐம்பதைத் தாண்டிய, வாட்டசாட்டமான மனுஷி. புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே விளங்காமல் கட்டிலில் கிடந்தார். மகள், மருமகன், கைக்குழந்தை எல்லோரும் அந்த ஒரே அறைக்குள். என்னைக் கண்டதும் சோமாவின் முகம் மலர்ந்தது.

"வாங்கோ மாத்தயா, எங்களுக்கு இரண்டு அறை! பார்த்தீர்களா? உள்ளறை இவருக்கு. கதவு போட்ட அறை. இவரைத் துடைத்துக் கழுவும்போது மருமகன் மழையென்றாலும் வெளியே போய் நிற்கிறான் மாத்தயா. இவர் கண்ணை மூடிக்கொள்ளுகிறார். இனி அந்த வெட்கம் இல்லை."

அவர் கட்டிலில் கிடந்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தார். சுவரில் ஆணியில் ஒரு புதுத் திரைச்சீலை மடித்துத் தொங்கியது. உள்ளறைக்கு வாங்கினதாம்.

வழமையாக இந்த மாதிரி நேரத்தில் ஒரு பகிடி கைகொடுக்கும். அன்று ஒன்றும் வரவில்லை. சொன்னேன். ஏன் இரண்டு அறை வந்தது, தனலெட்சுமியின் கதவில் ஏன் சிவப்புக் கோடு, சோமா வந்து உண்மையைச் சொன்னால் என்ன ஆகும், வராமல் விட்டால் என்ன ஆகும், எல்லாம். சுருக்காமல் சொன்னேன்.

சோமா அந்தத் திரைச்சீலையை ஆணியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். பிறகு, "நோயாளி இருக்கிறார் என்றுதான் பெரிய வீடு தந்தீர்கள் என்று நினைத்தேன்" என்றாள்.

"அப்படி ஒரு விதி இல்லை, அக்கே."

"நான் குடுத்த சோற்றைக் கணக்குப் பார்த்தா தந்தீர்கள்?"

மகள் சட்டென்று எழும்பினாள். "அம்மா, நீங்கள் ஒரு இடமும் போகத் தேவையில்லை. நாங்களா எழுதச் சொன்னோம்? எழுதினது அவர்கள். திருத்துவதும் அவர்களின் வேலை." அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன்.

செவ்வாய்க்கிழமை விசாரணை. தனலெட்சுமி நேரத்தோடு வந்து வாசலில் நின்றாள். சோமா வரமாட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். சேர் மின்விசிறியைத் திருப்பிவிட்டு உட்கார்ந்தபோது, இடியப்ப மாவின் வெள்ளை முழங்கையில் காயாமல் ஒட்டியிருக்க, சோமா உள்ளே வந்தாள்.

குணதாச சேர் முதலில் இரண்டு பேருக்கும் விதியைச் சொன்னார். சோமா இழக்கப்போகிற அறையைப் பற்றி அப்போதுதான் தனலெட்சுமி முதன்முதலாகக் கேட்டாள். கதிரையை விட்டு எழும்பிவிட்டாள்.

"சார், வேணாம் சார். நாங்க எங்கயாச்சும் போய்க்கிறோம். அந்த அண்ணன் படுக்கையில கெடக்குறாரு சார். கேச முடிச்சிருங்க."

நான் அதைச் சேருக்குச் சிங்களத்தில் சொல்லி முடிக்க முன்னரே சோமா முந்திவிட்டாள். கொட்டாஞ்சேனைச் சோமாவுக்கு என் சிங்களத்தைவிட நல்ல தமிழ் வரும்.

"வாய மூடிக்கிட்டு உக்காரு நங்கி" என்றாள் தமிழில். "ஒன் மாமியார குளிப்பாட்டுனது நானு. ஒன் பிள்ளைங்கள றோட்டுல விட்டுட்டு நான் ரெண்டு ரூமுல படுக்கவா?"

பிறகு சேர் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் சொன்னாள். சேர் கோப்பின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கேட்டார். அது மரண வீடு. அடுப்பு மூட்டக் கூடாது. நான் சோறும் பருப்பும் கருவாட்டுக் குழம்பும் கொடுத்தேன். எட்டு நாள் கொடுத்தேன். அதற்கு முன்னும் பின்னும் அவர்கள் தங்கள் அடுப்பில் சமைத்தார்கள். அவர்கள் வேறு குடும்பம். அவ்வளவுதான்.

சேர் முழுவதையும் திருப்பிச் சொன்னார். கருவாட்டுக் குழம்பையும் விடவில்லை. "பிழை இருந்தால் நிறுத்துங்கள்" என்றார். சோமா நிறுத்தவில்லை. கோப்பு திறந்தது. பேனை எழுதியது. தனலெட்சுமியின் கதவுக்கு இலக்கம் திரும்பக் கிடைத்தது. சோமாவுக்கு ஓர் அறை வீடு.

அன்று பின்னேரமே சேர் மேலிடத்துக்கு எழுதினார். நோயாளியின் நிலையைப் பார்த்து அந்தக் குடும்பத்துக்கு விசேடமாக இரண்டு அறை கொடுக்கலாம் என்று சிபாரிசு. அப்படி ஏற்பாடு எதுவும் சட்டத்தில் இல்லை என்று அது திரும்பி வந்தது. திரும்பவும் எழுதினார். திரும்பவும் வந்தது. சோமாவின் புருஷன் அந்த ஓர் அறையிலேயே, எல்லோர் கண்ணுக்கும் முன்னால் துடைத்துக் கழுவப்பட்டு, ஒரு வருடத்தில் காலமானார்.

தர்ஷினி, உங்கள் ஆட்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று எனக்கு விளங்குகிறது. ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் எழுத வேண்டும், இரண்டு மொழியில் எழுத வேண்டும், மேன்முறையீட்டுக்குப் போய்ப் பதில் சொல்ல வேண்டும். ஆட்களைக் கூட்டித் தராமல் வேலையை மட்டும் கூட்டுகிறார்கள் என்று சபையின் மேல் கோபம். கோபம் நியாயம்தான், சபையிடம் கேளுங்கள், சத்தமாகக் கேளுங்கள். சபையும் தன் பங்குக்குக் காசில்லை என்று அழும். அதுவும் பொய்யாக இராது. ஆனால் காரணத்தை எழுதுகிற வேலையைப் பாரம் என்று நினைக்காதீர்கள். இரண்டு அறை ஏன் கிடைத்தது என்று சோமாவுக்கு நாங்கள் எழுதிக் கொடுத்திருந்தால், அவள் அந்தத் திரைச்சீலையை வாங்கியிருக்க மாட்டாள். நோயாளி இருக்கிற வீட்டுக்கு அறை கூட்டலாம் என்று உங்கள் வரைவில் ஒரு பிரிவு இருப்பதாகச் சொன்னாய். அதை மட்டும் வெட்டவிடாதே. குணதாச சேர் இருந்தால் அதைத் திரும்பத் திரும்ப வாசித்திருப்பார். அவர் இப்போது இல்லை.

புது வீட்டுக் கதவுகளின் திறப்பைக் கொடுத்த நாளை மட்டும் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

தொடர்மாடிக்கு முன்னால் கூடாரம் அடித்து, ஒலிபெருக்கி கட்டி, பெரியவர் ஒருவர் நீளமாகப் பேசினார். சனம் வெயிலில் நின்றது. நான் மேசையில் இருந்து, பெயர் கூப்பிடக் கூப்பிடத் திறப்புகளை எடுத்துக் கொடுத்தேன். பெரியவருடைய படத்தில் நானும் விழுந்தேன், பாதி வயிறு மட்டும். தனலெட்சுமி வந்து திறப்பை வாங்கினாள், கும்பிட்டாள். அவளுக்கு ஆறாம் மாடி. சோமாவுக்கு இரண்டாம் மாடி. வேறு தோட்டத்துச் சனத்தையும் சேர்த்துச் சீட்டுக் குலுக்கினபடி.

சோமா கையெழுத்துப் போட்டுத் திறப்பை வாங்கியும் போகாமல் நின்றாள்.

"மாத்தயா, ஒரு சந்தேகம்."

"கேளுங்கோ அக்கே."

"இரண்டாம் மாடியில் எங்களுக்கு ஒருவரையும் தெரியாது. இனிப் பக்கத்து வீட்டில் யாராவது செத்தால், சோறு குடுக்க முந்தி உங்கள் கந்தோருக்கு அறிவிக்க வேண்டுமா?"

குத்திக் காட்டுகிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்கப் பகிடி விட்டவனுக்குப் பகிடி எது என்று தெரியாமல் போகாது. இது பகிடி இல்லை. தன் சோற்றால் இன்னொருவரின் வீடு போய்விடக் கூடாது என்று அவள் உண்மையாகவே அறிய விரும்பினாள்.

"இல்லை அக்கே, தேவையில்லை" என்றேன்.

"அப்படியென்றால் அதை எழுதித் தாருங்கள்" என்றாள்.

பின்னால் சனம் நெருக்கிக்கொண்டிருந்தது. சட்டத்தில் அடுப்பு அப்படியே இருந்தது. என்னால் எழுதிக் கொடுக்க முடியவில்லை. அவள் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, படியேறிப் போனாள்.